பழகிய கருவியும் பறிபோகா எழுத்தும்

நெடுநாட் பழகிய கருவியொன்று கைவிட்டு நீங்குங்கால், அதன் விலையினும் அதனோடு கொண்ட பழக்கமே நம் மனத்தைப் பெரிதும் வருத்துவதாகும். தச்சன் தன் பழைய உளியையும், தையற்காரன் தன் பழைய கத்தரிக்கோலையும் எளிதில் மாற்ற ஒருப்படுவதில்லை. புதியது கூர்மையிற் சிறந்ததேயாயினும், பழையது அவன் கையை அறியும். இவ்வுண்மை இரும்பாலும் மரத்தாலும் ஆய கருவிகட்கு மாத்திரம் உரியதன்று. கண்ணாடித் திரையினுள்ளே தோன்றும் கணினிக் கருவிகட்கும் உரியதாம். வாங்கும்பொழுதே கணினியினுள் அமைந்து வந்து, நாம் கேளாமலே நமக்கு உதவிவந்த எளிய நிரல்கள் சில இற்றைநாளில் ஒவ்வொன்றாய் ஓய்வுபெற்று வருகின்றன. அதனால் விளைவது யாது, அதற்கு மாற்று யாது என்பனபற்றி எனக்குத் தோன்றும் கருத்துக்களை, இக்கலாசாலை மலரை வாசிக்கும் அன்பர்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

எமது கொடுங்கையூரில், யான் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில், துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கின்றார். பள்ளிப்படிப்பு மிகுதியும் இல்லாதவர். அறுபது வயதுக்குமேல், மகன் வாங்கிவைத்த கணினியில், இரண்டு விரல்களால் தட்டித் தட்டித் தமிழ் எழுதப் பழகியவர். ஓய்வூதியம் நின்றுபோன விதவைக்கும், குடும்ப அட்டையிற் பெயர் சேர்க்கவேண்டிய மருமகளுக்கும், சாக்கடை அடைப்பைப்பற்றி மாநகராட்சிக்கு முறையிட விரும்பும் தெருவாருக்கும் அவரே விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர். இதற்கென ஒரு காசும் பெறார். அவருக்கு வேண்டியன நான்கே: எழுத்தைப் பெரிதாக்கல், தலைப்பைத் தடித்ததாக்கல், வரியை நடுவே நிறுத்தல், அச்சிடல். கணினியோடு கூடவே வந்த எளிய எழுத்து நிரல் ஒன்று இந்நான்கையும் பல்லாண்டுகளாக அவருக்குச் செய்துவந்தது.

ஒருநாள் மாலை அவர் என் வீட்டு வாயிலில் வந்து நின்று, "தம்பி, நான் எழுதும் பலகையைக் காணவில்லை. யார் எடுத்திருப்பார்கள்?" என்றார். யான் உடன்சென்று பார்த்துவிட்டு, "ஒருவரும் எடுக்கவில்லை ஐயா, கணினியைப் புதுப்பித்தபொழுது அந்த நிரல் நீங்கிவிட்டது. செய்தவர்களே அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்" என்றேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, "அவர்கள் செய்வதை நிறுத்திக்கொள்ளட்டும். என் வீட்டில் இருந்தது ஏன் போகவேண்டும்?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு உடனே விடைகூற என்னால் இயலவில்லை. அவ்விடையை நாடியதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண், நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 1985-ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் விண்டோஸிலேயே 'ரைட்' என்னும் சிறு எழுத்து நிரல் ஒன்று அமைந்திருந்தது. 1995-இல் விண்டோஸ் 95 வெளிவந்தபொழுது, அதன் இடத்தை 'வேர்ட்பேட்' பெற்றது. அன்றுதொட்டு ஏறக்குறைய முப்பதாண்டுக் காலம், பெரிய 'வேர்ட்' மென்பொருளை விலைகொடுத்து வாங்க வசதியில்லாதார்க்கு இவ்வேர்ட்பேடே ஆதரவாயிருந்தது. 2023 செப்டம்பரில், இதனை இனி வளர்ப்பதில்லையென்றும் பின்னர் நீக்கப்படுமென்றும் அறிவித்தனர். 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 என்னும் பதிப்பில் இஃது அறவே நீக்கப்பட்டது. ஒழுங்குபடுத்திய எழுத்துக்கு வேர்டையும், வெற்றெழுத்துக்கு நோட்பேடையும் பயன்படுத்துக என்பது அவர்தம் பரிந்துரை. முன்னையது பொருள் கொடுத்துப் பெறுவது. பொருள் கொடாமற் பெறவேண்டின் இணையத் தொடர்பும் ஒரு கணக்கும் வேண்டுவது. பின்னையதில் நெடுங்காலம் ஒரு சொல்லைத் தடித்துக் காட்டவும் இடமில்லாதிருந்தது. 2025-இல்தான் அத்தகைய சிற்சில வசதிகள் அதனுட் புகுந்தன.

வேர்ட்பேட் ஒன்றே இவ்வாறு நீங்கியதன்று. பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுவிழாப் படங்களைத் தொகுத்துவந்த 'மூவி மேக்கர்' 2017 ஜனவரியில் கைவிடப்பட்டது. ஒரு காலத்தில் இணையத்துக்கே வாயிலாய் விளங்கிய 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்' 2022 ஜூன் 15-ஆம் நாள் ஓய்வுபெற்றது. தென்கொரியாவின் கியோங்ஜு நகரிற் பொறியாளர் ஒருவர் அதற்குக் கல்லறைக் கல்லே நாட்டி, வேறு உலாவிகளை இறக்கிக்கொள்ள நல்ல கருவியாயிருந்தது என அதிற் பொறித்து வைத்தார். விண்டோஸின் 'மெயில்', 'நாட்காட்டி' என்னும் இரண்டும் 2024 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிவுற்றன.

'பெயிண்ட்' என்னும் சித்திர நிரலின் வரலாறோ சுவையுடையது. 2017 ஜூலையில் அதனைக் கைவிடப்போகும் பட்டியலிற் சேர்த்து, அதன் வாரிசாகப் 'பெயிண்ட் 3டி' என்பதைக் காட்டினர். உலகெங்குமிருந்து மக்கள் வருந்திக் குரலெழுப்பவே, பழைய பெயிண்டை விட்டுவைத்தனர். ஏழாண்டுகள் கழிந்தன. 2024 நவம்பரில் விடைபெற்றது வாரிசாகிய பெயிண்ட் 3டியே. பழைய பெயிண்டோ இன்றும் விண்டோஸில் இருக்கின்றது. உடையவர் காட்டும் மாற்று, தான் மாற்ற வந்த பொருளினும் நெடிது வாழும் என்பதற்கு உறுதியில்லை என்பது இதனால் நன்கு புலனாகும்.

நிற்க. இவற்றை நீக்குவோர் கூறும் நியாயங்களையும் நாம் நடுநிலையோடு கேட்டல் வேண்டும். பழைய நிரல்கள் பழைய முறையில் எழுதப்பட்டவை. அவற்றினூடே கள்வர் புகுதற்குரிய துளைகள் நாடோறும் வெளிப்படுகின்றன. அவற்றை அடைத்துக் காத்தற்கு ஆளும் பொருளும் வேண்டும். சிலரே பயன்படுத்தும் ஒன்றைக் காத்தலினும், பலர் பயன்படுத்தும் ஒன்றைச் செப்பனிடுதல் நன்றெனத் தோன்றுதல் இயல்பே. மேலும், பழையவை நீங்குதலும் புதியவை வந்து சேர்தலும் குற்றமாகா என்று நன்னூலாரும் மொழியைப்பற்றிக் கூறிவைத்தனர் அன்றோ எனச் சிலர் வினவுவர்.

நன்னூலார் கூறியது உண்மையே. ஆயினும், அவர் கூறியது எத்தகைய நீக்கம் என்பதை ஆராய்தல் வேண்டும். ஒரு சொல் எப்பொழுது வழக்கொழிகின்றது? அதனை வழங்கும் மக்கள் தாமே அதனை விடும்பொழுது ஒழிகின்றது. ஒருவரும் தமிழகத்தின் வீடுகள்தோறும் புகுந்து ஒரு சொல்லைப் பெயர்த்துக்கொண்டு போவதில்லை. இந்நிரல்களோ வழங்குவோர் வழங்கிக்கொண்டிருக்கும்பொழுதே உடையவரால் நீக்கப்படுகின்றன. முன்னையது வழக்கொழிதல், பின்னையது விலக்கப்படுதல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, "காலம் மாறிற்று" என்னும் ஒரே சொல்லால் அமைதி கூறுதல் பொருந்தாது.

இவ்வேறுபாட்டைத் தட்டச்சுப்பொறியைக் கொண்டும் அறியலாம். யாழ்ப்பாணத்து முத்தையா தமிழுக்கு விசைப்பலகை அமைத்தமைத்த தட்டச்சுப்பொறிகள் நம் அலுவலகங்களிற் பல தலைமுறைக்குத் தொண்டு செய்தன. இந்தியாவில் அப்பொறிகளைச் செய்துவந்த கோத்ரெஜ் நிறுவனத்தார் 2009-ஆம் ஆண்டளவில் அத்தொழிலை நிறுத்தினர். ஆயினும், அவர்கள் நிறுத்திய அன்று எவருடைய மேசையிலிருந்தும் ஒரு பொறி மறைந்துவிடவில்லை. நாடாவும் எண்ணெயும் உள்ளவரை அஃது உழைக்கும். கணினி நிரலை நாம் வாங்கினோம் என்று எண்ணுகின்றோம். உண்மையில் நாம் பெற்றது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மாத்திரமே. பெரியவரின் வினாவுக்கு முதல் விடை இதுவே: அப்பலகை அவர் வீட்டில் இருந்ததேயன்றி, அவருடையதாய் இருந்ததில்லை.

இனி, தமிழராகிய நமக்கு இவ்விஷயத்திற் பிறரினும் கவலை மிகுதியாய் இருத்தற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை என் சொந்த அனுபவத்தால் விளக்குவேன். என் தந்தையார் துறைமுகத்திற் சரக்குக் கணக்கு எழுதிவந்தவர். அவர் தம் இறுதிக் காலத்தில், இராயபுரத்துக் கடற்கரையையும் கப்பல்களையும் சுமையாட்களின் வாழ்க்கையையும்பற்றித் தாம் நினைவில் வைத்திருந்தவற்றைச் சொல்லச்சொல்ல, 2002-ஆம் ஆண்டில் யான் அவற்றைக் கணினியில் எழுதினேன். அக்காலத்திற் பெரிதும் வழங்கிய பாமினி என்னும் எழுத்துருவிலே எழுதி, ஆர்.டி.எப். என்னும் கோப்பாகச் சேமித்து வைத்தேன். தாளில் ஒரு பிரதி எடுத்துவைக்கவில்லை. எழுத்துருவையும் உடன் சேர்த்து வைக்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையதே. தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, வேறொரு கணினியில் அக்கோப்பைத் திறந்தபொழுது, ஆங்கில எழுத்துக்களை அள்ளி இறைத்தாற்போன்ற காட்சியே கண்டேன். 'அம்மா' என்று யான் எழுதிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள் நின்றன. அந்தோ! தந்தையாரின் குரலே எனக்கு விளங்காத மொழியிற் பேசுவதுபோலத் தோன்றியது.

காரணம் இதுவே. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. எழுத்துரு உள்ளவரை அது தமிழ். எழுத்துரு நீங்கின் வெறுங்குப்பை. ஒவ்வோர் எழுத்துருவாளரும் ஒவ்வொரு வரிசையை வகுத்துக்கொண்டனர். இக்குழப்பத்தைத் தீர்த்தற்பொருட்டே 1999-இற் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் வகுக்கப்பட்டன. பின்னர், 2010-இற் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில், யூனிகோடு முறையையும் டேஸ்16 முறையையும் தமிழக அரசினர் ஏற்று ஆணையிட்டனர். யூனிகோடில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண்முறை வழங்குதலின், அதில் எழுதியது எழுத்துரு மாறினும் தமிழாகவே நிற்கும்.

எனது கோப்பு இறுதியில் மீண்ட வகை குறிப்பிடத்தக்கது. என் மாணாக்கர் ஒருவர் அதனை வெற்று நோட்பேடில் திறந்து காட்டினார். ஆர்.டி.எப். கோப்பின் தலைப்பகுதியில், எந்த எழுத்துரு பயன்பட்டது என்பது கண்ணாற் படிக்கத்தக்க எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். அங்கே பாமினி என்னும் பெயர் இருந்தது. பெயர் தெரிந்தமையால், அதனை யூனிகோடாக்கும் மாற்றியொன்றில் இட்டு, சில மாலைப்பொழுதுகளிற் பிழைதிருத்தி, தந்தையாரின் நினைவுகளை முழுமையாக மீட்டோம். எழுதிய கருவி என்னிடம் இல்லை, எழுத்துரு இல்லை, ஆயினும் கோப்பின் அமைப்பு ஒளிவுமறைவின்றி இருந்தமையால் எழுத்துப் பிழைத்தது. அஃது உடையவரால் மாத்திரம் திறக்கத்தக்க பூட்டிய பெட்டியாய் இருந்திருப்பின், யான் இன்று அதனை இழந்தவனாவேன்.

ஆகவே, யான் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: நாம் அழுது காக்கவேண்டுவது கருவியையன்று, எழுத்தை. கருவி இன்றன்றேல் நாளை போகும். அது போகும்பொழுது நம் எழுத்தையும் உடன் கொண்டுபோகாதபடி பார்த்துக்கொள்ளுதலே அறிவுடைமை. 1978-இல் தமிழக அரசினர் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபொழுது, ணை, லை முதலியவற்றின் பழைய வடிவங்கள் அச்சினின்று நீங்கின. அதனால் முன் அச்சிட்ட நூல்கள் படிக்கவியலாதன ஆகிவிடவில்லை. இன்றும் நம் நூல்நிலையத்தில் அவற்றை எடுத்துப் படிக்கின்றோம். நல்ல மாற்றம் என்பது அத்தகையது. முன்னோர் எழுதியதைப் பின்னோர் படிக்க இடம்விட்டு மாறுவது.

எனவே, ஓய்வுபெற்ற நிரலுக்கு மாற்று நாடுவோர், அதன் பளபளப்பையும் புதுமையையும் நோக்காது, மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இதில் எழுதியதை வேறொரு கருவியாலும் திறக்கலாகுமா? இணையத் தொடர்பின்றியும், மாதந்தோறும் சந்தாவின்றியும் இஃது இயங்குமா? இதனைச் செய்வோர் நாளை விட்டுவிட்டால், வேறொருவர் எடுத்து நடத்த வழியுண்டா?

இம்மூன்றுக்கும் ஆம் என விடையளிப்பவை கட்டற்ற மென்பொருள்கள். வேர்ட்பேடின் இடத்துக்கு 'லிப்ரே ஆபீஸ்' என்பதன் 'ரைட்டர்' உண்டு. அதன் முகப்பைத் தமிழிலும் அமைத்துக்கொள்ளலாம். அஞ்சலுக்குத் 'தண்டர்பேர்ட்' உண்டு. படத்தொகுப்புக்கு 'ஓப்பன்ஷாட்' உண்டு. இவற்றைப் பெறப் பொருள் வேண்டுவதில்லை. ஆனால் இவற்றைச் செய்தோரின் இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளல் வேண்டும். பழைய வேர்ட்பேடைத் தருகின்றோம் என்று ஆசைகாட்டும் அறியாத தளங்களிற் கைவைத்தல், தெருவிற் கிடந்த மருந்தை எடுத்து உண்பது போலாகும்.

கட்டற்ற மென்பொருளும் கைவிடப்படுவதில்லையோ எனின், கைவிடப்படுவதுண்டு. வேற்றுமை யாதெனின், அதன் மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருத்தலின், ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடரலாம். லிப்ரே ஆபீஸே இதற்குச் சான்று. 'ஓப்பன் ஆபீஸ்' என்பதன் எதிர்காலம்பற்றி ஐயம் எழுந்தபொழுது, அதில் உழைத்தோர் 2010-இல் தனியே பிரிந்து, அதே மூலநிரலைக் கொண்டு இதனைத் தொடங்கினர். இன்னொரு செய்தியும் உண்டு. முதலிற் கூறிய 'ரைட்' நிரலில் எழுதிய பழைய கோப்புக்களை, 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தத்தொகுதி வந்தபின், பாதுகாப்புக் காரணம்பற்றி வேர்ட்பேட் திறவாதாயிற்று. அக்கோப்புக்களைப் படிக்கும் திறத்தை 2016-இல் லிப்ரே ஆபீஸ் பெற்றது. பெற்றவர் கைவிட்ட பிள்ளையைப் பிறர் எடுத்து வளர்த்தாற்போன்ற செயல் இதுவாகும்.

இது நம் நாட்டுக்குப் புதுவழியும் அன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் 2007-இல் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிட்டனர். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் உடன் இடம்பெற்றது. அம்மடிக்கணினியைப் பெற்ற மாணவர் எத்தனைபேர் அதனைத் திறந்து பார்த்தனர் என்று தம் நெஞ்சையே கேட்டுக்கொள்வாராக! கொடுத்தால் மாத்திரம் போதாது, கற்பித்தலும் வேண்டும் என்பதற்கு அண்டை நாடாகிய கேரளம் எடுத்துக்காட்டு. அங்கே பள்ளிகளில் ஆசிரியர்களைப் பயிற்றி, பாடத்தோடு இணைத்துக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்தனர். 2019-இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு லினக்ஸ் அடிப்படையிலான தங்கள் இயங்குதளத்தையே வழங்க முற்பட்டனர். தமிழிலும், 2012 முதல் வெளிவரும் 'கணியம்' என்னும் மின்னிதழ் இத்துறையை எளிய நடையில் விளக்கி வருகின்றது. வழியுண்டு, நடப்பாரே வேண்டும்.

இந்த விஷயம் கொடுங்கையூராகிய எமக்கு இன்னும் ஒருவகையில் நெருங்கியது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்குரிய பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. தனிப் பயனருள் வேண்டுவோர்க்கு ஓராண்டு நீட்டிப்பு அளிக்கப்பட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்பதற்கோ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், புதிய தலைமுறை மையச் சில்லும் வேண்டும். ஆகவே நன்றாக உழைக்கும் பழைய கணினிகள் பல, ஒரு பழுதும் இன்றியே பயனற்றன எனத் தள்ளப்படுகின்றன. தள்ளப்பட்டவை எங்கே செல்லும்? மாநகரின் குப்பை செல்லுமிடம் எங்கே என்பதை எம் ஊரார்க்கு ஒருவரும் சொல்லவேண்டுவதில்லை. 250 ஏக்கருக்கு மேற்பட்ட அக்குப்பைமேடு எங்கள் கண்முன்னே பல்லாண்டுகளாக நிற்கின்றது. அதனை அகழ்ந்து பிரிக்கும் பணி அண்மையில்தான் தொடங்கப்பெற்றது. மின்கழிவைத் தனியே ஒப்படைத்தற்கு 2022-ஆம் ஆண்டு விதிகள் உண்டாயினும், கம்பியை எரித்துச் செம்பு எடுப்போரின் புகையையும், பலகைகளினுள் உள்ள ஈயத்தையும் கடைசியிற் சுமப்பது ஏழைகள் வாழும் பகுதிகளே. ஒரு பழைய கணினியில் லினக்ஸை நிறுவி இன்னும் ஐந்தாண்டு உழைக்கச் செய்பவன், ஒரு மாணவனுக்குக் கருவி அளிப்பதோடு, எம் ஊரின் காற்றுக்கும் நன்மை செய்தவனாகின்றான்.

புதியதைக் கற்றல் முதியோர்க்கு இயலுமோ என்று ஒரு தடை எழுப்பப்படும். இத்தடையில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆனால் குறை முதியோரிடத்தன்று. நாம் கற்பித்த முறையிலே உள்ளது. எவ்விடத்தில் எப்பொத்தானை அழுத்தவேண்டும் என்று கற்பித்தோமேயன்றி, எழுதுதல், சேமித்தல், பிரதியெடுத்தல் என்னும் தொழில்களைக் கற்பித்தோமில்லை. பொத்தான் இடம்பெயர்ந்தால் முன்னைய கல்வி வீணாகும். தொழிலை அறிந்தவனோ எக்கருவியிலும் அதனைத் தேடிக் கண்டுகொள்வான். நம் வகுப்புக்களிலும் ஒரு நிறுவனத்தின் ஒரு மென்பொருளையே கணினிக் கல்வி எனக் கற்பிக்கும் வழக்கம் மாறவேண்டும்.

இதன்பொருட்டு நம் கலாசாலை செய்யத்தக்கன மூன்று உண்டு என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். முதலாவது, மாணவர் ஒப்படைக்கும் கட்டுரைகளையும், இம்மலரின் பக்கங்களையும் யூனிகோடிலும், எவரும் திறக்கத்தக்க கோப்பு வகையிலும் பெற்றுப் பாதுகாத்தல். பழைய எழுத்துருக்களில் உறங்கும் முந்திய மலர்களின் கோப்புக்களை இன்னும் காலந்தாழ்த்தாது மாற்றுதல். இரண்டாவது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அக்கம்பக்கத்துப் பெரியோரும் சிறுகடைக்காரரும் தம் கணினிகளைக் கொண்டுவந்து, மாணவர் உதவியால் மாற்று நிரல்களை நிறுவிப் பழக இடமளித்தல். மூன்றாவது, ஓய்வுபெறும் கலாசாலைக் கணினிகளைப் பழையிரும்புக்கு விற்குமுன், லினக்ஸ் நிறுவி அருகிலுள்ள பள்ளிகளுக்கு அளிக்கலாகுமா என ஆராய்தல்.

தமிழச்சின் வரலாற்றை அறிந்தார்க்கு இஃது அரிய செயலாகத் தோன்றாது. 1713-இல் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துக்கள் வந்தன. அவை அளவிற் பெரியனவாயிருந்து, காகிதத்தை மிகுதியாய் விழுங்கின. சீகன்பால்கும் அவர்தம் தோழரும், தூரதேசத்தார் அனுப்பியதே போதும் என்று கையைக் கட்டியிருக்கவில்லை. சிறிய எழுத்துக்களை ஈண்டே வார்த்து, 1715-இற் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன், உருக்கிய ஈயத்தைக் கொண்டு செய்யத்தக்கதாயிருந்த ஒன்று, இன்று விரலசைவால் செய்யத்தக்கதாயிருக்கும்பொழுது, நாம் பிறர் கைபார்த்திருத்தல் அழகாகுமா?

இனி, கொடுங்கையூர்ப் பெரியவரின் செய்தியைக் கூறி முடிக்கின்றேன். அவர் கணினியில் லிப்ரே ஆபீஸை நிறுவினோம். முதலில் அவர், "இத்தனைப் பொத்தான்களா! விமானத்தை ஓட்டச் சொல்கிறாயா, தம்பி?" என்று நகைத்தார். அதன் முகப்பை ஒற்றைப்பட்டையாகச் சுருக்கி, தமிழில் அமைத்து, அவருக்கு வேண்டிய நான்கையும் காட்டினேன். அவருடைய பழைய விண்ணப்பங்கள் யாவும் அதில் ஒழுங்காகத் திறந்தன. அவற்றின் பிரதியொன்றை விரலளவுள்ள ஒரு பென்டிரைவில் எடுத்து அவர் கையிற் கொடுத்தேன். அவர் அதனைப் பார்த்துக்கொண்டே, "இந்தப் பலகையும் நாளைக்குப் போய்விடாதா?" என்று கேட்டார்.

"போகலாம் ஐயா, ஆனால் நீங்கள் எழுதியவை போகமாட்டா" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, மறுநாள் கொடுக்கவேண்டிய ஓய்வூதிய விண்ணப்பம் ஒன்றை இரண்டு விரல்களால் தட்டத் தொடங்கினார். அவருக்கு யான் கூறிய விடையை மெய்யாக்கிக் காட்டுதல், கற்றோராகிய நம் அனைவருடைய கடமையுமாகும்.